இரண்டு அரிசி இடைவெளி

உங்கள் ஸ்டேஷன் காபி நன்றாகவே இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. சர்க்கரைக்கு ரேஷன் போட்டிருக்கும் நாளில் இத்தனை தித்திப்பு எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்கப் போவதில்லை. வந்தது வேறு விஷயத்துக்காக.

எங்கள் பட்டறையில் துரைராஜ் செத்ததைப் பற்றி நீங்கள் எழுதிய ரிப்போர்ட்டை எங்கள் முதலாளி அப்துல் வஹீத் சாயபு வாசித்துக் காட்டினார். 'பெல்ட் சாணை மெஷின் சரியாக அட்ஜஸ்ட் செய்யப்படாததால் நேர்ந்த விபத்து' என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டதும் எனக்கு வயிறு எரிந்துபோயிற்று. மந்தைவெளிப் பட்டறையில் அந்த மெஷினை ஆறு வருஷமாக அட்ஜஸ்ட் செய்கிறவன் நான் ஒருவன்தான். ஞானதாஸ் திருகைத் தப்பாக முடுக்கினான் என்று ஊர் பேசினால், நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சாந்தோம் கோயிலில் முழங்கால் போடுவது?

ரைட்டரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நிதானமாகவே சொல்கிறேன்.

எங்களுக்கு நாவிதர் கத்தி, கசாப்புக் கத்தி, யுத்தம் வந்த பிறகு பட்டாளத்துச் சமையல் கத்தி என்று எல்லாம் வரும். மெஷினில் இரண்டு சக்கரங்களைச் சுற்றி உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான பட்டை ஓடும். கத்தியைத் தாங்கிப் பிடிக்க முன்னால் ஓர் இரும்பு மேடை. பட்டை மாட்டுமுன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் செருகிக்கொள்ள வேண்டும். பட்டையின் உட்புறம் அம்புக்குறி இருக்கும். அது காட்டும் பக்கம்தான் ஓட விட வேண்டும். முதலில் கையால் சுற்றிப் பார்த்து, பட்டை ஓரம் ஒதுங்கினால் திருகைக் கால் சுற்று முடுக்க வேண்டும். மேடைக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு அரிசி நுழையலாம், மூன்றாவது நுழையக் கூடாது. அதற்கு மேல் இடம் விட்டால் பட்டை கத்தியை உள்ளே இழுத்து, உட்கார்ந்திருப்பவன் மேலேயே துப்பிவிடும். ஆகவே யார் மெஷினில் உட்காருகிறாரோ அவரே காலையில் அளந்து பார்த்துவிட வேண்டும். இத்தனையையும் ஒரு பலகையில் என் கையாலேயே பெயிண்டில் எழுதி, மெஷினுக்கு மேலே மாட்டினேன்.

ஒருவரும் படிக்கவில்லை.

பட்டறையில் எல்லோருக்கும் மூத்தவரான பீர் முஹம்மது அண்ணன் கை சுடுகிறது என்று துணியைச் சுற்றிக்கொண்டு தீட்டுவார். துணி மாட்டினால் விரலும் கூடவே போகும் என்று பத்து தடவை சொன்னேன். "அட போ நைனா, நான் கத்தி புடிக்கச் சொல்ல நீ தொட்டில்ல தூங்கிக்கினு இருந்தே" என்றார். ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பட்டணமே காலியான அந்த வருஷம் அவருடைய ஆள்காட்டி விரலில் பாதி போயிற்று. அதற்குப் பிறகு எங்கள் பட்டறையில் ஒருவரும் கையில் கந்தல்கூடச் சுற்றுவதில்லை. விரல் போன அன்று அவர் போட்டிருந்தது துணியல்ல, நல்ல தோல் கையுறை. துணியாவது கிழிந்து கையை விட்டுவிடும், தோல் விடாது. ரம்ஜானுக்கு நான்தான் மூர் மார்க்கெட்டில் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்தேன்.

ஏன் ஐயா முகம் அப்படிப் போகிறது?

பட்டையின் ஒட்டு ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். இல்லாவிட்டால் அறுந்து, நேரே நிற்பவன் முகத்தில் அடிக்கும். கூட வேலை செய்யும் ஷரஃபுதீன் எப்போதும் நேரே நின்றுதான் சுவிட்ச் போடுவான். ஒரு நாள் நான் ஒட்டி ஒரு மணி நேரமே ஆன பட்டையை மாட்டினேன். காதோரம் எட்டுத் தையல். பிறகு பட்டறையே பக்கத்தில் ஒதுங்கி நின்று சுவிட்ச் போட்டது. பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சாமியாரிடம் சொன்னாயா என்று கேட்பீர்கள். பாவம் என்று தோன்றினால்தானே சொல்வதற்கு.

பொங்கல் கழித்து துரைராஜ் வேலைக்கு வந்தான். கெட்டிக்காரன், அதை நான் மறுக்கவில்லை. முதல் நாளே சட்டையைக் கழற்றி என் பலகை மேல் மாட்டினான். நான் குனிந்து அளப்பதைப் பார்த்து, "இன்னா ஃபாதர், பூசை ஸ்டார்ட் பண்ணிட்டியா?" என்பான். நான் ஒவ்வொரு விதியாகச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் "ஆமென்" போடுவான். பட்டறை விழுந்து விழுந்து சிரிக்கும். பாதி விரலை வைத்துக்கொண்டு பீர் முஹம்மது அண்ணனும் சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த வாரமே ஷரஃபுதீன் பழையபடி நேரே போய் நின்றான். நான் பாடுபட்டுக் கொண்டுவந்த ஒழுங்கெல்லாம் பாழாகிக்கொண்டிருந்தது. இப்படியே விட்டால் யாராவது சாவார்கள் என்று நிஜமாகவே பயந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை சீக்கிரமே போய், மேடையின் திருகைத் தளர்த்தி, ஒரு விரற்கடை தள்ளி வைத்து முடுக்கினேன். ஏமாற்று வேலை எதுவும் செய்யவில்லை. வழக்கம்போல இரண்டு அரிசியை மேடையோரம் வைத்தேன். அவன் வந்ததும், "அளந்து பாத்துட்டு ஒக்காரு, துரைராஜ்" என்று சொல்லவும் சொன்னேன்.

அவன் அந்த இரண்டு அரிசியையும் எடுத்தான். கண்ணை மூடி, நாக்கை நீட்டி, பூசையில் சாமியார் கையால் அப்பம் வாங்குகிறவன் மாதிரி வாயில் போட்டுக்கொண்டான். "நற்கருணை வாங்கிக்கினேன் ஃபாதர். ஆமென்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. அவன் சுவிட்சைப் போட்டு, உட்கார்ந்து, கசாப்புக் கத்தியைப் பட்டையில் வைத்தான். அது உள்ளே போய், திரும்பி வந்து, அவன் தொடையில் இறங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஜட்கா வண்டி லஸ் முனையைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. அவன் மனைவி நீரஜா ஐந்து மாதக் கர்ப்பம் என்று பிறகுதான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால், குடும்பஸ்தன் இன்னும் ஜாக்கிரதையாக அளக்க வேண்டாமா என்று அவனுக்கு எடுத்துச் சொல்லியிருப்பேன்.

ஆக, மெஷின் சரியாகத்தான் அட்ஜஸ்ட் செய்யப்பட்டிருந்தது. நான் வைத்த இடத்திலிருந்து அந்தத் திருகு ஒரு நூல்கூட நகரவில்லை. நீங்களே அளந்து பார்க்கலாம். ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரியைத் திருத்திவிட்டால் போதும். கீழே என் கையெழுத்தைப் போட்டுவிடுகிறேன்.

இன்னொன்று. திங்கட்கிழமை துரைராஜ் இடத்துக்கு ஆம்ப்ரோஸ் என்று ஒரு புது ஆள் வருகிறான். முழுக்கைச் சட்டை, விரலில் மோதிரம். நேற்று அவன் வீட்டுக்கே போய் எல்லா விதியும் சொன்னேன். கொட்டாவி விட்டான்.

உள்ளே வைப்பதானால் வையுங்கள்; திங்கட்கிழமை காலை ஒரு வேளை மட்டும் என்னை வெளியே விடுங்கள், ஐயா. பிறகு அவனும் கேட்பான்.