வெள்ளைத் துணி காயும் நாள்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் தலைமையாசிரியை அம்மா அவர்களே, அன்று வழக்கறிஞராக எங்கள் தெருவுக்குள் நடந்து வந்து, இன்று அமைச்சராக எங்கள் பள்ளிக்குள் காரில் வந்திருக்கும் மாண்புமிகு அம்மையார் அவர்களே, அவருக்கு அருகில் வீற்றிருக்கும் அட்டை ஆலை மேலாளர் ஐயா அவர்களே, எங்கள் பிழைகளைத் திருத்தித் திருத்தியே பேனா தேய்ந்த ஆசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் முதலில் வந்து இடம்பிடித்த சலவைக்கடைப் பெரியம்மா அவர்களே, பின்னால் நிற்கும் தந்தையரே, கைவேலையைப் பாதியில் விட்டு வந்த தாய்மார்களே, என்னைச் சிரிக்க வைக்கப் பார்க்கும் தோழிகளே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைமையாசிரியை அம்மா எனக்குத் தந்த வரவேற்புரை என் பையில் பத்திரமாக இருக்கிறது. நல்ல உரை. அமைச்சர் அம்மையார் அதில் ஓரிடத்தில் சூரியன், அடுத்த வரியில் நிலவு. நான் படிக்கப் போவது அதுவல்ல. இதை வீட்டிலும் காட்டவில்லை. காட்டியிருந்தால் இங்கே நின்றிருக்க மாட்டேன், ஏனென்றால் என் அப்பா அட்டை ஆலையின் கொதிகலனுக்கு நிலக்கரி தள்ளுகிறவர்.  

ஒரு வழக்கறிஞர் எதனால் வளர்கிறார்? வாதத்தால் வளர்கிறாரா? வாய்ப்பால் வளர்கிறாரா? வாக்குகளால் வளர்கிறாரா? எங்கள் அம்மையார் வளர்ந்தது வெள்ளைத் துணியால்.

நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது இது. ஆலையின் புகைபோக்கியிலிருந்து விழும் கரித்தூளால் சலவைக்கடைப் பெரியம்மாவுக்கு வாடிக்கையாளர்களோடு ஓயாத சண்டை. வெளுத்துக் கொடுத்த சட்டையில் புள்ளி புள்ளியாகக் கரி. அவர் வழக்குப் போட்டார். அதை எடுத்து நடத்த வந்தவர்தான் அம்மையார். தெருவில் அவருக்குப் பெயர் கோட்டு அக்கா. "உனக்கென்ன கோட்டு, கறுப்பைப் போட்டுட்டு வந்துட்ட. எவ்வளவு கரி விழுந்தாலும் தெரியாது" என்று பெரியம்மா கேலி செய்வாராம். பெரியம்மா தலையாட்டுகிறார், பாருங்கள். நான் பொய் சொல்லவில்லை.

வழக்கு நகரவில்லை. சோதனைக்கு வந்த அதிகாரிகள் எல்லாரும் காற்று சுத்தமாக இருப்பதாகவே எழுதினார்கள். கடைசியில் நீதிமன்றமே ஓர் ஆணையரை அனுப்பியது. அவர் சன்னல் விளிம்பைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. அண்ணாந்து பார்த்தார். புகைபோக்கி நல்ல பிள்ளையாக நின்றது. ஆலையின் வழக்கறிஞர் சிரித்துக்கொண்டே தேநீர் கேட்டார்.

தோற்ற முகத்தோடு நின்ற கோட்டு அக்காவின் கண்ணில் அப்போது பட்டது, மொட்டை மாடிகள். எல்லா மாடியிலும் துணி. எல்லாத் துணியும் வெள்ளை. போர்வை, தலையணை உறை, பள்ளிச் சட்டை, பிள்ளைத் துணி. மாடியில் நின்ற ஓர் ஆலைத் தொழிலாளியின் மனைவியிடம் கேட்டார்.

"என்னக்கா, இன்னிக்கு மட்டும் எல்லாரும் மாடியில காயப் போட்டிருக்கீங்க?"

"இன்னிக்குப் புகை வராதே கோட்டு."

"வராதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"இதென்ன கேள்வி? ஆபீசர் வர்றாருன்னு நேத்தே ஆலை அடுப்பை அணைச்சுட்டாங்க. என் வீட்டுக்காரர் சீக்கிரமா வந்து படுத்துட்டாரே. யார் வந்தாலும் இப்படித்தான். நாங்க அன்னிக்குத்தான் வெள்ளையெல்லாம் வெளியில போடுவோம்."

"இதை ஏன்க்கா இத்தனை நாளா எங்கிட்ட சொல்லல?"

"துணி துவைக்கிறதை எல்லாமா வக்கீல்கிட்ட சொல்லுவாங்க?"

சிரியுங்கள், சிரிக்கலாம். அன்று ஆணையரும் சிரித்தாராம். ஆனால் கோட்டு அக்கா சிரிக்கவில்லை. ஆணையரை ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் அழைத்துப் போனார். அடுப்படியில் கொடிக்கயிறு. படுக்கையறையில் கொடிக்கயிறு. தொட்டிலுக்கு மேலேயும் கொடிக்கயிறு. "வெயில் இப்படிக் காயுறப்போ, இந்த ஜனங்க ஏன் வீட்டுக்குள்ள கயிறு கட்டியிருக்காங்க ஐயா?" என்று கேட்டார். அவ்வளவுதான் அவருடைய வாதம். புகையைக் காட்ட முடியாதவர், புகை இல்லாத நாளைக் காட்டினார். சுத்தமாக இருந்ததையே சாட்சியாக நிறுத்தினார்.

தீர்ப்பு வந்தது. இனிமேல் சோதனைக்குச் சொல்லாமல்தான் வர வேண்டும் என்றது. ஆலை புகைபோக்கிக்கு வடிகட்டி பொருத்தியது. வீட்டுக்குள் கட்டிய கயிறுகளை எங்கள் தாய்மார்கள் அவிழ்த்தார்கள்.

அதன் பிறகு அம்மையார் ஏறிய படிகள் நாடறிந்தவை. ஆற்றுக்காக வாதாடினார், அது செய்தியானது. மலைக்காக வாதாடினார், அது முழக்கமானது. மக்கள் அழைத்தார்கள், நாடாளுமன்றம் போனார். கறுப்புக் கோட்டைக் கழற்றினார், வெள்ளை உடுத்தினார். அமைச்சரானார். அவர் படம் வந்த செய்தித்தாளைச் சலவைக்கடையில் ஒட்டி வைத்திருக்கிறோம். இன்றும் இருக்கிறது. கொஞ்சம் கரி படிந்திருக்கிறது.

அமைச்சரான பிறகு அம்மையார் ஒரு சட்டத்திருத்தம் கொண்டு வந்தார். தொழில் செய்கிறவர்களைத் திருடர்களைப் போல நடத்தக் கூடாது, முன்கூட்டித் தெரிவித்துவிட்டுச் சோதிப்பதே நாகரிகம் என்று அவையில் பேசினார். அந்தப் பேச்சை நான் முழுவதும் படித்தேன். குறை சொல்ல முடியாத பேச்சு. நாடு முழுவதையும் பார்க்கிறவருக்கு ஒரு தெருவின் மாடி தெரியாமல் போகலாம். நான் குற்றம் சாட்டவில்லை. எனக்கு அந்த வயதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

திருத்தம் வந்தது. வடிகட்டி பழுதானது. பழுதானதை யாரும் மாற்றவில்லை. கயிறுகள் மறுபடி வீட்டுக்குள் வந்தன. எங்கள் வீட்டில் என் புத்தகங்களுக்கு மேலே ஒன்று, இருமி இருமி உட்கார்ந்தபடியே தூங்கும் என் தங்கைக்கு மேலே ஒன்று.

நேற்று மாலை அப்பா சீக்கிரமாக வந்தார். "அமைச்சர் வர்றாங்க. அடுப்பு அணைச்சாச்சு. துவைக்கிறதையெல்லாம் துவைச்சுக்கோ" என்றார்.

அம்மா உடனே வெள்ளையெல்லாம் ஊறப் போட்டாள். "இந்த அம்மா மாசாமாசம் வந்தா எவ்வளவு நல்லாருக்கும். என் போர்வையெல்லாம் வெளுத்துடும்."

"உன் போர்வைக்காக நாட்டை ஆளுறவங்க வரணுமா?"

"வரட்டுமே. சும்மாத்தானே கார்ல வர்றாங்க."

அம்மா, தலையைக் குனியாதே. நீ சொன்னது சரிதான். துணியெல்லாம் வாளியில் ஊறியதால் எங்கள் வீட்டுக் கயிறு நேற்று இரவு காலியாக இருந்தது. அதன் கீழே உட்கார்ந்துதான் இதை எழுதினேன்.

மாண்புமிகு அம்மையார் அவர்களே, இந்தக் கூட்டம் முடிந்ததும் பள்ளிச் சுவருக்குப் பின்னால், ஆலையின் இரண்டாவது புகைபோக்கிக்கு நீங்கள் அடிக்கல் நாட்டப் போகிறீர்கள். காற்று சுத்தமாக இருக்கிறது என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். இன்று சுத்தமாகத்தான் இருக்கிறது. இன்று எத்தனை கைக்குட்டையால் துடைத்தாலும் அழுக்காகாது. ஆனால் கைக்குட்டையை நம்பாமல் மாடிகளை அண்ணாந்து பார்க்க இந்தத் தெருவுக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார்? சுத்தத்தையே சாட்சியாக நிறுத்தியவர் யார்? வாசலைத் தாண்டி வந்து பாருங்கள். இந்தத் தெருவின் மாடிகளில் இன்று என்ன காய்கிறது? அதற்கு என்ன பொருள் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

வந்தவரை வரவேற்பதுதான் வரவேற்புரை. நான் உங்களை இன்னொரு நாளுக்கும் சேர்த்து வரவேற்கிறேன். இன்று கல்லை வைக்காதீர்கள். வேறொரு நாள் வாருங்கள். யாருக்கும் சொல்லாமல் வாருங்கள். இதே வெள்ளை உடுத்தி வாருங்கள். அன்று மேடை இருக்காது, மாலை இருக்காது, நானும் வகுப்பில் இருப்பேன். முன்பு நடந்தது போலத் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்துவிட்டு, சலவைக்கடை வாசலில் நின்று உங்கள் தோளைப் பாருங்கள். அதற்குப் பிறகும் கல்லை வைக்கலாம் என்று தோன்றினால் வையுங்கள். நானே வந்து கைதட்டுகிறேன்.

பொறுமையோடு கேட்டவர்களுக்கு நன்றி. பாதியில் நிறுத்தச் சொல்லாத தலைமையாசிரியை அம்மாவுக்கு இன்னும் அதிக நன்றி. அப்பா, மற்றதை வீட்டில் போய்ப் பேசிக்கொள்ளலாம்.

அனைவருக்கும் வணக்கம்.