ஸ்பீக்கரின் முதுகு

என்னிடம் யோசனை கேட்டு வந்த யாரையும் நான் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. ஸ்டூடியோ சாமான் விற்கும் கடையில் பதினாறு வருடமாக நிற்கிறேன். வாடிக்கையாளர் தலையாட்டுவதை வைத்தே அவருக்கு எந்த ஸ்பீக்கர் பொருந்தும் என்று சொல்லிவிடுவேன்.

வீட்டில்தான் கதை வேறு. மின்விசிறி வாங்கினாலும் சரி, மகளைப் பள்ளியில் சேர்த்தாலும் சரி, எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குச் சேதி வரும். என் மனைவியின் தம்பி மட்டும் விதிவிலக்கு. மாடி அறையில் கம்ப்யூட்டரும் கீபோர்டுமாக எலெக்ட்ரானிக் இசை செய்கிறவன். ஒரு ஒயர் வாங்கக்கூட, "நீங்க சொன்னா சரி, அத்தான்" என்பான். பசித்தவன் இலையில் சோறு விழுந்த மாதிரி இருக்கும் எனக்கு.

அவனுக்கு ஸ்பீக்கர் தேவைப்பட்டபோது கடையிலேயே உயர்ந்த ஜோடியை எடுத்துக் கொடுத்தேன். அதில் குறை வைக்கவில்லை. நானே சுமந்துபோய், நானே பொருத்தினேன். பின்பக்கம் நகக்கண் அளவில் ஒரு ஸ்விட்ச் உண்டு. நெஞ்சில் இடிக்கும் அந்த பேஸ் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும். கூட்டினேன். முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்தேன்; சுவர் பேஸை இன்னும் ஏற்றும், ஸ்விட்சையும் மறைக்கும்.

மற்றது தானாக நடந்தது. அறைக்குள் பேஸ் அளவுக்கு மீறி இடிக்கும். அவன் மிரண்டுபோய்ப் பாட்டில் அதைக் குறைப்பான். வெளியே போனால் அதே பாட்டு கொசு மாதிரி ரீங்காரமிடும். ஆடவைக்க வேண்டிய பாட்டு, ஐயா. கால் எப்படி எழும்பும்?

"ஹெட்போன்ல கேட்டா ஒல்லியா இருக்கே, அத்தான்?"

"ஹெட்போன் எதையும் ஒல்லியாத்தான் காட்டும் மாப்ள. ரூமை நம்பு."

பாட்டு வெளியிடும் கம்பெனி திருப்பி அனுப்பியது. அவன் ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டான். இன்னும் உயர்ந்ததாகத் தேர்ந்தெடுத்தோம். நான்கு வருடம், மூன்று ஜோடி. மூன்றுக்கும் முதுகு இருந்தது, முதுகில் ஸ்விட்சும் இருந்தது. ஒருமுறை, மைக் வைத்து அறையை அளந்து தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் மாடலைக் கேட்டுவிட்டான். எனக்குக் கொஞ்சம் வியர்த்தது.

"எல்லாத்தையும் மெஷினே கேட்டுக்கும்னா, உன் காதை என்ன கம்மல் மாட்டவா வச்சிருக்க?"

சிரித்தான். அந்த மாடலை மறந்தும்விட்டான்.

ஜெயித்திருந்தால் கம்பெனி அவனைத் தன் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போயிருக்கும். அங்கே யோசனை சொல்ல நாலு பேர் இருப்பார்கள். வளரும் கலைஞனுக்கு அது நல்லதில்லை.

போன மாதம் கடைசி வாய்ப்பு. இதுவும் போனால் இசையை விட்டுவிட்டு வேலைக்குப் போவதாக அக்காவிடம் வாக்குக் கொடுத்திருந்தான். பதில் ஒரே வரியில் வந்தது: மெட்டு பிரமாதம், அடியில் உயிர் இல்லை.

ஸ்பீக்கரை விற்கத் தூக்கியபோது பின்பக்கத்தைப் பார்த்திருக்கிறான். நேராகக் கடைக்கு வந்தான். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"அத்தான், பேஸ் ஸ்விட்ச் ஏறியே இருக்கு. தூசி தட்டுறப்ப நான்தான் தள்ளியிருக்கேன். நீங்க பாத்துப் பாத்து எடுத்துக் குடுத்ததை நானே கெடுத்துட்டேன். இப்ப சரிபண்ணி மறுபடி அனுப்பட்டுமா?"

"ஒரு தடவை வேணாம்னு சொன்ன பாட்டை எவன் மாப்ள திரும்பக் கேப்பான்?"

அழுதான். தண்ணீர் கொடுத்தேன். அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினான். சொல்லவில்லை, ரகசியம் காப்பதில் நான் கெட்டி. மறுநாள் அவன் வேலைக்கு மனுப் போட்டான். விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்று என்னிடம்தான் கேட்டான்.

இத்தனைக்கும் நான் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. மனிதன் என்றால் தவறு செய்யத்தான் செய்வான். அவனை முழு மனதோடு மன்னித்துவிட்டேன்.