இரண்டு முழச் சால்மன்

— ஆகையால், இன்று தொடக்கம், இந்த வளவுக்குள்ளும் வளவுக்கு வெளியிலும், மன்னார்த் தீவின் நாற்றிசையிலும், சிங்கராசா உடையார் என்ற பெயர் ஒழிக்கப்பட்டு, சிங்கராசா அதிகார் என்ற நாமம் விளங்குவதாக. கேட்டனியோ மாக்கிறட்?

— கேட்டன். காலைக் கழுவிப்போட்டு உள்ளை வாங்கோ. மீன் நாத்தம்.

— அதிகாரின்ரை பெண்சாதி இப்பிடிக் கதைக்கிறதில்லை.

— வேறை எப்பிடிக் கதைக்கிறவ?

— மெல்லமா. கதிரையிலை இருந்துகொண்டு.

— கதிரைக்கு ஒரு கால் இல்லை. நிண்டுகொண்டே கேக்கிறன். துரை தன்ரை வாயாலை சொன்னவரோ, உடையார்மாருக்கு மேலை இருக்கிற அந்த அதிகார் வேலை உங்களுக்கெண்டு?

— துரைமார் வாயாலை சொல்லமாட்டினம். கை குடுத்தவர். வள்ளத்தாலை இறங்கினவுடனை, கரை முழுக்கச் சனம் பாத்துக்கொண்டு நிக்க, என்ரை வலது கையைப் பிடிச்சுக் குலுக்கினவர். மன்னாரையே ஆளுற உதவி ஏசண்டுத் துரையின்ரை கை, விளங்குதோ? இன்னும் கழுவேல்லை.

— பழைய அதிகார் கண்ணை மூடின நாள் துவங்கி, அந்தக் கையை அவர் எல்லாருக்கும்தான் குடுக்கிறார். அரிப்பு ஊர் விதானை துரையை மான் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார், அவருக்குக் கை குடுத்தவர். தாராபுரத்து ஜமால்தீன் விதானை காட்டுக்கை பரண் கட்டி இரா முழுக்கக் காவலிருந்தார், அவருக்கும் கை குடுத்தவர்.

— அவையள் குடுத்தது மானிறைச்சி. நான் குடுத்தது சால்மன்.

— மன்னார்க் கடலிலை சால்மன் ஏது?

— தன்ரை ஊர் ஆத்திலை பிடிக்கிற சால்மன் இஞ்சையும் இருக்கோவெண்டு துரை கேட்டவர். துரை கேட்டு நான் இல்லையெண்டு சொன்ன சரித்திரம் இருக்கோ?

— சால்மனை எப்பவாவது கண்டிருக்கிறியளோ?

— கச்சேரிக் கிளாக்கர் வீட்டிலை, தகர ரின்னிலை. சிவப்பா, உருண்டையா, தலையும் வாலும் இல்லாமல்.

— இண்டைக்குப் பிடிச்சதுக்குத் தலையும் வாலும் இருந்ததோ?

— உயிரோடை திரியேக்கை இருக்கும்தானே. ரின்னுக்குள்ளை அடைக்கேக்கை வெட்டுறாங்கள். விளங்குதோ?

— ஓமோம்.

— உன்ரை தையல் இல்லாட்டில் இந்தப் பேறு வந்திராது. அதை நான் எந்தச் சபையிலையும் ஒத்துக்கொள்ளுவன்.

— சபையிலை சொல்லவேண்டாம், எனக்குத்தான் வெக்கம். கோழி கூவ முன்னம் எழுப்பி, முழு அறக்குளா ஒண்டை மடியிலை கிடத்தி, வாயைத் தை எண்டியள். கலியாண வீட்டுக்கு வாங்கிற மீன். வள்ளக்காரப் பஸ்ரியன் முத்தத்திலை நிண்டு தலையிலை அடிச்சுக்கொண்டவன், இரைக்கு ஒரு சின்ன முரல் மீன் போதும் உடையார் எண்டு.

— அவன் வள்ளம் வலிக்கிறவன். மரியாதை முறையளைக் கண்டானோ? கச்சேரிப் பியோன் கடலுக்கு வந்தால் இரைக்கு விரலளவு சூடை. கிளாக்கருக்கு முரல். ஆசுப்பத்திரி அப்போதிக்கரிக்கு அதைவிடக் கொஞ்சம் பெரிய முரல். துரைக்கும் முரலைக் கட்டிக் குடுத்தால், அப்போதிக்கரியும் துரையும் ஒண்டோ?

— கயித்தின்ரை மற்றப் பக்கத்திலை ஆர் இருக்கினமெண்டு கடலிலை கிடக்கிற மீனுக்குத் தெரியுமோ?

— மீனுக்குத் தெரியாட்டில் என்ன, கரைக்குத் தெரியும்தானே.

— சரி. மீன் எடுபட்ட விதத்தைச் சொல்லுங்கோ.

— எல்லாம் துரை சொன்னபடி. இரை மீனை வெட்டப்படாது, முழுசா இருக்கோணும். தூண்டில் அதின்ரை வயித்துக்குள்ளை ஒளிச்சிருக்கோணும். வாயைத் தைக்காட்டில் தண்ணி புகுந்து வயிறு வெடிச்சுப்போம். வள்ளத்துக்குப் பின்னாலை இழுத்துக்கொண்டு போகேக்கை, உயிருள்ள மீன் நீந்துறமாதிரிப் போகோணும்.

— போச்சுதோ?

— வாழைக்குத்தி மாதிரிப் போச்சுது. அதிலை ஒரு கம்பீரம் இருந்தது.

— அதை விழுங்க என்ன வந்தது? திமிங்கிலமோ?

— பொறு. துரை தொப்பியை முகத்திலை கவிழ்த்துப்போட்டுச் சாய்ஞ்சிட்டார். கடலுக்கடியிலை கிடக்கிற கல்லுப் பாருக்குக் கிட்டப் போகேக்கை கயிறு வெட்டி இழுத்தது. துரை துடிச்சு எழும்பினார். இழுக்கிறார், இழுக்கிறார், முகமெல்லாம் செத்தல் மிளகாய்ச் சிவப்பு. நான் பக்கத்திலை நிண்டு, இழுங்கோ துரை, ராசாவுக்காக இழுங்கோ எண்டு சொல்லிக்கொண்டு நிக்கிறன். வந்து விழுந்தது வள்ளத்துக்கை. சால்மன், துரை, சால்மன் எண்டு நான்தான் முதல்லை சத்தம் போட்டது.

— எவ்வளவு நீளம்?

— ரெண்டு முழம் இருக்கும்.

— நான் தைச்சதும் ரெண்டு முழம்.

— சால்மன் ஒரு பெருந்தீனி.

— ரெண்டு முழ மீன், ரெண்டு முழ மீனை விழுங்கினதோ?

— முழுசா.

— உள்ளை மடிச்சு வைச்சிருந்ததோ, சேலை மாதிரி?

— மாக்கிறட், அந்தக் கதவைச் சாத்து.

— சாத்தியாச்சு.

— யன்னலையும்.

— நாற்றிசையிலும் விளங்கவேணுமெண்டு இப்பதானே சொன்னியள்.

— மெல்லக் கதை. விழுங்க ஒண்டும் வரேல்லை. தூண்டில் பாரிலை கொழுவி, துரை இழுத்த இழுவையிலை கழண்டு, போட்ட இரைதான் திரும்பி வந்தது. கட்டினதையே கட்டினவர் பிடிச்சிட்டார். பாத்தனான், துரையின்ரை முகத்திலை ஒரு சந்தோசம், ஞானஸ்நானம் எடுத்த பிள்ளை மாதிரி. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரேல்லை.

— மனம் வரேல்லையோ, அதிகார் வேலை வந்திட்டுதோ?

— ரெண்டும் ஒரே நேரத்திலை வந்தது. பஸ்ரியன் வாயைத் திறந்தான். அவன்ரை காலிலை ஏறி நிண்டிட்டன். துரை கேட்டார், இரை எங்கையெண்டு. வயித்துக்குள்ளை, துரை, எண்டன். தலையாட்டினார். தலையாட்டினார் மாக்கிறட். இவ்வளவு பெரிய ராச்சியத்தை ஆளுற சாதி, தான் கட்டின இரையைத் தான் அடையாளம் காணாது. இதுகளுக்குப் பயந்துதான் நாங்கள் சால்வையை இடுப்பிலை கட்டிக்கொண்டு நிக்கிறம்.

— வாயிலை நான் போட்ட தையலையுமோ காணேல்லை? கோயில் மாதா சொரூபத்துக்கு உடுப்புத் தைச்சு மிஞ்சின பச்சைப் பட்டுநூல் அது. பத்தடிக்கு அங்காலை நிண்டாலும் தெரியும்.

— அதுக்கும் வழி பண்ணினனான். என்ரை தலைப்பாவைக் கழட்டி மீனின்ரை தலையிலை கட்டிவிட்டன். எங்கடை ஊர் வழக்கம் துரை, முதல் பிடிச்ச பெரிய மீனுக்குத் தலைப்பா கட்டுறது, எண்டன். துரை தன்ரை தொப்பியைக் கழட்டி நெஞ்சிலை வைச்சார்.

— மீனுக்கோ?

— மீனுக்கு.

— என்ரை மாதாவே.

— கரையிலை இறங்கி, கை குடுத்து முடிஞ்ச கையோடை, நானும் ஒரு சொல்லுச் சொன்னனான். துரை, உடையார் வேலை இனி எனக்கு வேண்டாம், வேறை ஆளுக்குக் குடுங்கோ எண்டு. துரையும் ஓமெண்டவர்.

— என்ன சொன்னனியள்?

— ஒருத்தனுக்கு ரெண்டு பட்டம் அழகில்லை.

— கையிலை இருந்ததை விட்டிட்டோ வந்தனியள்? உங்கடை அப்பு வைச்சிருந்த வேலை. அதை நம்பித்தானே மகளுக்குப் பேசி வைச்சிருக்கிறம். உடையார் வீட்டுப் பிள்ளை எண்டுதானே அவையள் வந்தது.

— அதிகார் வீட்டுப் பிள்ளை எண்டால் வேண்டாமெண்டுவினமோ? நீ இப்ப செய்யவேண்டியது ஒண்டுதான். மீன் தலைப்பாவோடை துரை பங்களாக் குசினிக்குப் போயிட்டுது. அங்கை சமைக்கிறது உன்ரை தங்கச்சி செலீனா. ஓடிப்போய்ச் சொல்லு, ஆரும் காணமுன்னம் தலையை வெட்டி அடுப்புக்கை போடச் சொல்லி.

— நான் ஏன் ஓடுவான்? அந்தா, யன்னலாலை பாருங்கோ, அவளே படலையைத் திறந்துகொண்டு வாறாள்.

— அக்கா, கதவேன் பட்டப்பகலிலை பூட்டிக் கிடக்கு? இந்தா, உன்ரை பச்சை நூல். நல்ல பட்டு, எறிய மனம் வரேல்லை. கழுவித்தான் கொண்டு வந்தனான். அத்தான்ரை தலைப்பாவும் இதிலை இருக்கு. அது இனி உதவாது.

— செலீனா, வேறை ஆரும் கண்டவையோ?

— எனக்கென்ன அத்தான், நடந்ததைச் சொல்லுறன். துரைதான் மீனோடை குசினிக்கை வந்தவர். தன்ரை அரைத் தமிழிலை, செலீனா, தலைப்பா மெள்ளக் கழட்டு, உள்ளை தையல் இருக்கு, எண்டவர்.

— துரையோ சொன்னவர்?

— வள்ளத்துக்கை இழுத்துப் போடேக்கையே கண்டிட்டாராம். பிறகு துரைசானியைக் கூப்பிட்டு நடிச்சுக் காட்டினார். நீங்கள் பஸ்ரியன்ரை காலிலை ஏறினது, சால்மன் சால்மன் எண்டு குதிச்சது, மீனுக்குத் தலைப்பா கட்டினது, எல்லாம். தலைப்பா கட்ட எங்கடை குசினித் துணியைத்தான் எடுத்தவர். துரைசானி சுவரைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சவ.

— ஓமோம். சிரிச்சிருப்பா.

— நீ சும்மா இரு மாக்கிறட். செலீனா, கோபமிருந்ததோ துரைக்கு?

— ஒரு துளி இல்லை. அத்தான் மாதிரி ஒரு ஆளைத் தான் கண்டதில்லையாம். வாற சனிக்கிழமையும் உங்களோடைதான் கடலுக்குப் போகோணுமாம்.

— கேட்டனியோ மாக்கிறட். கோபமில்லை. இன்னும் பிரியம் கூடிப்போச்சு. துரையைச் சிரிக்க வைக்கிறவனைத் துரை விடமாட்டார். அரிப்பு விதானையும் ஜமால்தீனும் தேடின மானுக்கு இந்தச் சிரிப்பு இருந்ததோ? அதிகார் வேலை என்ரை மடியிலை. சனிக்கிழமைக்கு மூண்டு முழத்திலை ஒரு மீன் பாக்கோணும்.

— அத்தான், ஒண்டு. சனிக்கிழமை வள்ளத்திலை அந்த வேலைக் கதையைத் துரையிட்டை எடுக்காதையுங்கோ. அவர் துரைசானிக்குச் சொன்னது என்ரை காதிலை விழுந்தது, அவ்வளவுதான். இஞ்சை ஆரும் அறிஞ்சால், பிறகு தன்னைக் கடலுக்கும் வேட்டைக்கும் கூட்டிக்கொண்டு போக ஒருத்தரும் வரமாட்டினமாம்.

— எதை அறிஞ்சால்?

— அதிகார் வேலையைப் போன மாசமே நறுவிலிக்குளத்துப் பரமநாதனுக்குக் குடுத்ததை.