மூன்றாம் வளைவில் எட்டு வினாடி

மஞ்சள் விளக்கைப் பற்றி எங்கள் களத்தில் கருத்து இல்லாதவர் கிடையாது. ஹாட் டாக் விற்கும் அம்மாளுக்குக்கூட ஒன்று உண்டு. மஞ்சள் நல்லது என்பார். அது எரியும்போதுதான் ஜனங்கள் இருக்கையை விட்டு எழுந்து சாப்பிட வருகிறார்கள்.

ஸ்டாக் கார் பந்தயம் பார்த்திராதவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். ரோட்டில் ஓடும் கார்களைப் போன்ற கார்கள் ஒரு நீள்வட்டத்தில் இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி ஓடும். எங்காவது ஒரு வண்டி சுழன்று நின்றால் களம் முழுக்க மஞ்சள் விளக்கு எரியும். எல்லோரும் வேகத்தைக் குறைத்து, முந்தாமல், வரிசையாகப் போக வேண்டும். ஆனால் 1999இல் ஒரு வழக்கம் இருந்தது. மஞ்சள் எரிந்த கணத்தில் வரிசை முடிவாகாது. சுற்று முடியும் கோட்டைத் தாண்டும்போது யார் முன்னால் இருக்கிறாரோ, அதுதான் வரிசை. அதனால் முன்னணியில் இருப்பவர்கள் மஞ்சளைப் பார்த்ததும் காலை எடுப்பதற்குப் பதிலாக இன்னும் அழுத்துவார்கள்.

ரசிகர்களில் பாதிப் பேருக்கு அதுதான் நிஜமான பந்தயம். மீதிப் பேருக்கு அது பைத்தியக்காரத்தனம். நான் இரண்டாவது கட்சி. பாலசுப்ரமணியன் முதல் கட்சி. அவர் இறந்து ஐந்து மாதம் ஆகிறது.

அன்று மூன்றாம் வளைவில் மஞ்சள் விளக்கின் சுவிட்ச் என் கையில் இருந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் பெயர் மாரிசாமி. ஊர் சாத்தூர். டல்லாஸ் பக்கத்து இர்விங்கில், லாஸ் கொலினாஸ் பக்கம் ஒரு அலுவலகத்தில் வேலை. இரண்டாயிரம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் தேதியைத் தப்பாகப் புரிந்துகொள்ளாமலிருக்க, பழைய புரோகிராம்களை வரி வரியாகப் பார்த்துத் திருத்தினேன். பார்த்ததை மறுபடி பார்ப்பது என் சுபாவம். அறைக்கதவைப் பூட்டிவிட்டுப் படி இறங்கி, திரும்ப ஏறிப் போய் இழுத்துப் பார்ப்பேன். செவ்வாய், வியாழன் சாயங்காலங்களில் கம்யூனிட்டி காலேஜில் ஆங்கிலக் கட்டுரை வகுப்பு. அங்கேதான் தினக்குறிப்பு எழுதச் சொன்னார்கள். எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் நேர்மையாகச் சொல்லிவிட்டு, பிறகு உங்கள் வாதத்தைச் சொல்லுங்கள் என்பது ஆசிரியையின் விதி. இங்கேயும் அப்படியே செய்கிறேன்.

பாலசுப்ரமணியன் நல்லவர். எனக்குப் பாலாண்ணன். பொள்ளாச்சிக்காரர். என் டீம் லீட். நான் டல்லாஸ் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது அழைத்துப் போனவர் அவர்தான். கிரெடிட் கார்டு வாங்கிக் கொடுத்தது, வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தது, எல்லாம் அவர். ஒரு பழைய ஷெவி கார் வாங்கி, சீட்டுகளைப் பிடுங்கிப் போட்டு, உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு வைத்து, இர்விங்கிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் தெற்கே இருக்கும் அந்தச் சின்னக் களத்தில் ஆரம்பநிலைப் பிரிவில் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை மதியப் பந்தயம். எங்கள் ஆட்கள் வேறு யாரும் அந்தப் பக்கம் வந்ததில்லை. நான்கு வளைவுகளிலும் மேடை மேல் நின்று மஞ்சள் விளக்கைப் போட ஆள் வேண்டும், சம்பளம் கிடையாது என்று களத்து மேனேஜர் டுவேன் சொன்னபோது என் பெயரைக் கொடுத்தவரும் அவர்தான்.

"நம்ம மாரி இருக்கான் டுவேன். எறும்பு ஓடினாக்கூட நோட் பண்ணி வெச்சுக்குவான்" என்பதை இங்கிலீஷில் சொல்லிவிட்டு, தமிழில் என்னிடம், "மானத்த வாங்கிராதடா" என்றார்.

அக்டோபர் முதல் வாரத்தில் வாங்கிவிட்டேன். இருபத்தைந்து சுற்றுப் பந்தயம். இரண்டு சுற்று பாக்கி. பாலாண்ணன் முதல் முறையாக முன்னணியில், பின்னால் வருபவனுக்கும் அவருக்கும் நடுவில் ஏழெட்டு கார் தூரம். என் வளைவில் தார் மேல் கறுப்பாக ஏதோ கிடந்தது. டயர்த் துண்டு என்று நினைத்தேன். அழுத்தினேன். மஞ்சள் எரிந்தது. வண்டிகள் எல்லாம் நெருங்கி வரிசையாயின. அவர் சம்பாதித்த இடைவெளி போயிற்று. மறுபடி பச்சை விழுந்தபோது மூன்று பேர் அவரைத் தாண்டிப் போனார்கள். தார் மேல் கிடந்தது ஒரு சிப்ஸ் பாக்கெட்.

டுவேன் கத்தவில்லை. இனிமேல் அவரவர் வளைவை அவரவர் மட்டும் பார்த்தால் போதும், அடுத்தவன் வளைவுக்கு யாரும் அழுத்தக் கூடாது, உறுதியாகத் தெரியாமல் சுவிட்சைத் தொடக் கூடாது என்று நால்வருக்கும் சொன்னார். இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். களத்தின் நடுவே டிரெய்லர்கள் நிற்பதால் மூன்றாம் வளைவு என் மேடையிலிருந்து மட்டும்தான் முழுதாகத் தெரியும்.

பாலாண்ணனும் கத்தவில்லை. அவர் சிரித்தார். தீபாவளிக்கு எங்கள் அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸில் நாற்பது பேர் கூடியிருந்தோம். ஆளுக்கொரு சமையல் கொண்டுவந்திருந்தார்கள். அங்கே கையில் தட்டோடு நின்று கதை சொன்னார்.

"சிப்ஸ் பாக்கெட்டுங்க. பய அதப் பாத்துப் பந்தயத்தையே நிறுத்திட்டான். ஆபீஸ்லயும் இப்படித்தான். ஒரு லைன் கோட திருத்தறதுக்கு மூணு நாள். கேட்டா, டவுட்டா இருக்கு அண்ணேம்பான்."

"விடுங்களேன், பாவம்" என்றார் அவர் மனைவி ஷ்யாமளா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "மாரி, நீங்க புளியோதரை எடுத்துக்கவே இல்ல பாருங்க."

"எடுக்க மாட்டான் ஷ்யாமா. அது மஞ்சளா இருக்குல்ல."

நாற்பது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யாரோ ஒருவருடைய ஐந்து வயதுப் பெண் என்னைக் காட்டி, "இஸ் ஹி த எல்லோ லைட் அங்க்கிள்?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அந்தப் பெயர் நிலைத்தது. அலுவலகத்திலும் நிலைத்தது. டிசம்பரில் டீமிலிருந்து ஒருவரைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. பெயரைப் பரிந்துரைக்க வேண்டியவர் பாலாண்ணன். வேலை போனால் எனக்கு விசாவும் போய்விடும். அவர் என்னைத்தான் சொல்லியிருப்பார் என்று நான் நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். அப்படி எதையும் நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஆள் இல்லை நான்.

தவறை ஒழுங்காகத் திருத்த வேண்டும் என்று சிப்ஸ் பாக்கெட் கிடந்த வாரமே நினைத்திருந்தேன். தினக்குறிப்பில் மூன்று கேள்விகள் எழுதிக்கொண்டேன். கிடப்பது தானாக நகர்ந்துவிடுமா? வண்டிகள் போகும் பாதையில் கிடக்கிறதா? பின்னால் வேகமாக யாராவது வருகிறார்களா? மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகே அழுத்துவது. கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்சும் மாட்டிக்கொண்டேன். இதில் என்ன தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் இருபத்தொன்று, ஞாயிறு, மதியம் மூன்றரை. பதினொரு வண்டிகள். பத்தொன்பதாம் சுற்றில் பாலாண்ணன் இரண்டாவதாக வந்தார். என் வளைவில் உள்பக்கமாக நுழைந்து முந்தப் பார்த்தார். முன்னால் இருந்த வண்டியின் வால் அவர் வண்டியின் மூக்கைத் தட்டியது. ஷெவி ஒன்றரைச் சுற்றுச் சுழன்று, பாதைக்குக் குறுக்கே, ஓட்டுநர் கதவு வரும் வண்டிகளைப் பார்த்திருக்கும்படி நின்றது. இன்ஜின் அணைந்தது. டயர்ப் புகை எழுந்தது. ஒட்டிப் பின்னால் வந்த எட்டுப் பேரும் சுழல்வதைக் கண்ணால் பார்த்திருந்ததால் ஒதுங்கித் தாண்டிப் போய்விட்டார்கள். கடைசி வண்டி மட்டும் பாக்கி. அது ஒரு சுற்றுக்கு மேல் பின்தங்கி, களத்தின் எதிர்ப்பக்கத்தில், டிரெய்லர்களுக்கு அந்தப் புறம் இருந்தது. ஓட்டியவர் ரே. ஐம்பது வயது, தபால் அலுவலகத்தில் வேலை.

விசாரணையில் நான் சொன்னது இதுதான். வண்டி நின்றதும் ஓட்டுநர் ஜன்னல் வலையை இறக்கினார். எங்கள் களத்தில் வலையை இறக்கினால், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். அதைப் பார்த்தேன், பாதை அடைபட்டிருப்பதைப் பார்த்தேன், சுவிட்சை அழுத்தினேன். ரேயின் வண்டி புகைக்குள் நுழைந்தபோது மஞ்சள் எரிந்துகொண்டிருந்தது. டுவேனும் கவுன்ட்டி அதிகாரியும் நாற்பது நிமிடத்தில் விசாரணையை முடித்தார்கள். ரசிகர்களிடம் கேட்டால் வழக்கம்போல இரண்டு கட்சி. விளக்கு முன்னாலேயே எரிந்தது என்று பாதி, எரியவே இல்லை என்று பாதி. எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது அது எரிந்துகொண்டிருந்தது என்பதில் மட்டும் சண்டை இல்லை.

வகுப்பில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். மஞ்சளுக்குப் பிறகும் பந்தயத்தைத் தொடரவிடும் அந்த வழக்கம்தான் காரணம், எரிந்த கணத்திலேயே வரிசையை உறையவைக்கும் விதி இருந்திருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும் என்று எழுதினேன். ஆசிரியை ஏ கொடுத்தார். ஓரத்தில், இதை எழுதத் தைரியம் வேண்டும் என்று குறித்திருந்தார். பாலாண்ணன் தூக்கிப் பிடித்த வழக்கமே அவரைக் கொன்றது என்று ஒருவர் சொன்னால், அதை மறுப்பது கஷ்டம்.

ஆனால் கட்டுரையில் ஒரு பிழை இருக்கிறது. ஆசிரியைக்குத் தெரிய வழியில்லை. கோட்டை நோக்கிப் பாய்வது முன்னணியில் இருப்பவர்கள். ஒரு சுற்றுப் பின்தங்கியவருக்குப் பாய்ந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அதிலும் ரே, விளக்கைப் பார்த்ததும் களத்திலேயே முதலில் காலை எடுப்பவர். ஒரு வினாடிகூட ஆகாது. ஆறு வாரம் ஸ்டாப்வாட்ச் வைத்துக் குறித்திருக்கிறேன்.

ஆக, நடந்தது இப்படி. ஷெவி நின்றதும் வாட்சைத் தட்டினேன். தானாக நகருமா? நகராது. பாதையில் கிடக்கிறதா? கிடக்கிறது. யாராவது வருகிறார்களா? வருகிறார். மூன்று பதிலும் இரண்டாவது வினாடிக்குள் வந்துவிட்டன. பிறகு, என் வழக்கப்படி, முதல் கேள்வியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

வலை இறங்கியது நான்காவது வினாடி. பாலாண்ணன் கையை வெளியே நீட்டி என் மேடையைப் பார்த்து ஆட்டினார். முகம் திறந்த ஹெல்மெட். எனக்கும் அவருக்கும் முப்பதடி இருக்கும். இன்ஜின்களின் சத்தத்தில் குரல் கேட்கவில்லை. ஆனால் உதடு தெரிந்தது. "அமுக்குடா மாரி" என்றார். இரண்டு தரம் சொன்னார். அந்தக் களத்தில் அது என்னவென்று புரியக்கூடியவன் நான் ஒருவன்தான்.

மூன்றாம் முறை கேள்விகளைக் கேட்டுக்கொண்டேன். பதில்கள் மாறவில்லை. அவர் கையை ஆட்டுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். அப்போது அவர் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். ரேயின் வண்டி டிரெய்லர்களின் மறைவிலிருந்து முழு வேகத்தில் வெளியே வந்தது. நின்றுபோவதற்கு இனி தூரமில்லை என்று ஆன பிறகு அழுத்தினேன். வாட்சில் எட்டு வினாடி. ஒன்பதில் இடி.

எனக்குச் சந்தேகம் இருந்ததா என்று இத்தனை நாளாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். இல்லை. அழுத்தினால் அவர் பிழைப்பார் என்று தெரியும். தெரிந்துதான் காத்திருந்தேன்.

ஷ்யாமளா பிப்ரவரியில் பொள்ளாச்சிக்கே போய்விட்டார். பெட்டிகளைக் கட்டிக்கொடுத்து, விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுவிட்டேன். "நீங்க இல்லாட்டி நான் என்ன பண்ணியிருப்பேன்னே தெரியல மாரி" என்றார். டீமில் ஆளைக் குறைக்கவில்லை. ஓர் இடம் காலியாகிவிட்டதால் அதற்குத் தேவை வரவில்லை.

ரே மட்டும் போன் பண்ணிக்கொண்டே இருக்கிறார். வாரத்துக்கு ஒரு முறையாவது. வண்டியை விற்றுவிட்டார். வேலைக்குப் போவதில்லை. கார் ஓட்டப் பயமாக இருக்கிறதாம். கேட்பது ஒரே கேள்விதான். வளைவுக்கு வருவதற்கு முன்னாலேயே விளக்கு எரிந்ததா, நான்தான் பார்க்கவில்லையா? தூக்கம் வருவதில்லை, எதுவாக இருந்தாலும் ஒரு முடிவு தெரிந்தால் போதும் என்கிறார்.

எரிந்தது ரே, வெகு முன்னாலேயே எரிந்தது, நீங்கள்தான் பார்க்கவில்லை என்று ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொல்கிறேன். சந்தேகத்தோடு வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதிலிருந்து அந்த மனிதரையாவது என்னால் காப்பாற்ற முடிந்ததே.