ஆறு நாற்பத்திரண்டுக்கு எழுதிய குறிப்பு

என் கையெழுத்து அவ்வளவு நன்றாக இருக்காது இன்ஸ்பெக்டர் சார், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷமாக சால்டரிங் அயர்ன் பிடித்த கை. பேனா பிடித்தால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. அந்த கேம் பெட்டி எப்படி என்னிடம் வந்தது, ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னீர்கள். இந்த பெஞ்சில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன், இரண்டு வரியில் அடங்கவில்லை. தாள் கொடுத்த ஏட்டம்மாவுக்கு நன்றி.

என் பெயர் சம்பந்தம். வயது ஐம்பத்தொன்று. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் மைக்ராஸ்கோப்பின் கீழே குனிந்து சர்க்யூட் போர்டுகளில் பாகங்களைப் பற்றவைத்தேன். அந்தக் கம்பெனியை மூடிய பிறகு மேற்குத் தாம்பரத்தில், மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில், ஏழடி அகலத்தில் ஒரு கடை எடுத்தேன். இருப்பது ஊரப்பாக்கத்தில், ஒற்றை அறை. கல்யாணம் ஆகவில்லை. அதற்கு யாரையும் குறை சொல்வதற்கில்லை.

கையில் பிடித்து விளையாடுகிற கேம் பெட்டிகளுக்குள், பூட்டைத் திறக்கிற மாட் சிப் வைப்பதுதான் என்னுடைய முக்கிய வேலை. பெட்டியை இயக்கியதும், தான் சரியான ஆளிடம்தான் இருக்கிறோமா என்று அது தன்னையே ஒரு கணம் சோதித்துக்கொள்ளும். சரியாக அந்தக் கணத்தில் அதன் மின்சாரத்தை ஒரு சொடுக்கு சொடுக்கிவிடும் இந்தச் சிப். வாட்ச்மேன் தும்முகிற நேரம் பார்த்து கேட்டுக்குள் நுழைவது மாதிரி. அதற்குப் பிறகு பெட்டி எதையும் மறைக்காது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது சிப். அதன் கால்களைக் கடுகைவிடச் சின்ன இரண்டு பாகங்களின்மேல் பற்றவைக்க வேண்டும், மூச்சை அடக்கிக்கொண்டு. தாம்பரத்துக்குத் தெற்கே இதைச் சுத்தமாகச் செய்கிறவன் நான் ஒருவன்தான் என்று பையன்கள் சொல்வார்கள். பெரும்பாலும் திருட்டு கேம் போடுவதற்காகத்தான் வருவார்கள். அது தப்பு என்றால் அந்தத் தப்பையும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் பையன்கள் உட்கார மாட்டார்கள். ஃபோனைப் பார்த்தபடியே பெட்டியை நீட்டுவார்கள், ஃபோனைப் பார்த்தபடியே வாங்கிக்கொண்டு போவார்கள். ஒரு நாளில் நான் பேசுகிற வார்த்தைகள் ஐம்பதைத் தாண்டாது. அதில் பாதி, நாளைக்கு வாங்க என்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதுவும் கிடையாது. ஒரு தீபாவளிக்கு மூன்று நாள் விடுமுறை வந்தது. நான்காம் நாள் டீக்கடையில் டீ கேட்டபோது தொண்டையிலிருந்து குரல் வரவில்லை. அன்றைக்கு எனக்கு பயமாக இருந்தது சார். செத்துப்போனால்கூட வீட்டுக்காரர் வாடகைக்கு வரும்போதுதான் கண்டுபிடிப்பார்கள் என்று தோன்றியது.

கிருபா டீச்சர் போன வருஷம் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை வந்தார். சிட்லபாக்கத்துக்காரர், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். திரை விரிசல் விட்ட ஒரு கேம் பெட்டியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். அவருடைய மகன் எபியுடையது. எபிக்கு இருபத்தாறு வயது. கிண்டியில் வேலை. ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது, சானடோரியம் ஸ்டேஷன் வருவதற்குச் சற்று முன்னால் ரயிலிலிருந்து விழுந்துவிட்டான். மணி ஆறு ஐம்பத்தொன்று. கால் வழுக்கியது என்றார்கள் சிலர், குதித்தான் என்றார்கள் சிலர். ஃபோன் நொறுங்கிவிட்டது. பைக்குள் இருந்த இந்தப் பெட்டி மட்டும் தப்பித்தது, ஆனால் பூட்டியிருந்தது.

"கடைசியா அவன் தொட்டது இதுதான் தம்பி. பொட்டி செஞ்ச கம்பெனில கேட்டா எல்லாத்தையும் அழிச்சுத்தான் தர முடியுமாம். நீங்க அழிக்காம திறப்பீங்கன்னு சொன்னாங்க" என்றார்.

எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்டேன். அன்று காலையில் இந்தப் பெட்டியை வைத்துத்தான் வீட்டில் சண்டை. விளையாடிக்கொண்டே ஆபீசுக்கு நேரமாக்கினான் என்று டீச்சர் கத்தியிருக்கிறார்.

"இதையே கட்டிக்கிட்டு எங்கயாவது போய்த் தொலைடான்னு சொல்லிட்டேன். அப்படியே போயிட்டான். நான் சொன்னதாலயா, இல்ல தானா வழுக்கிடுச்சா. அது மட்டும் தெரிஞ்சா போதும்."

இன்னொன்றும் சொன்னார். அவர்கள் வழக்கத்தில் ஒரு வருஷம் முடிந்ததும் கல்லறையில் கல் வைத்து ஜெபம் செய்வார்களாம். பெயர், தேதிகள், கீழே 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தான்' என்று ஒரு வரி. அந்த வரியைத்தான் டீச்சரால் எழுதக் கொடுக்க முடியவில்லை. தன் பேச்சால் உயிரை விட்டவனை நித்திரையடைந்தான் என்று கல்லில் பொய்யாக எழுத மாட்டேன் என்றார். எதையாவது எழுது என்று அவர் கணவர் டேனியல் சார் சொல்லிவிட்டாராம். டேனியல் சார் பழைய தலைமையாசிரியர். மகன் குதித்துவிட்டான் என்றே முடிவு செய்து, அதைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்திவிட்டாராம்.

அடுத்த புதன்கிழமை சிப்பை வைத்தேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமாகப் பற்றவைத்ததில்லை. பெட்டி திறந்துகொண்டது. எபி ஒரே ஒரு விளையாட்டைத்தான் ஆடியிருக்கிறான். ஒரு சின்னப் பண்ணை, மாடு, ஆடு, மீன்பிடிக்க ஒரு குளம். பண்ணை வீட்டு வாசலில் ஒரு பலகை இருக்கும், அதில் ஆட்டக்காரர் தனக்குத்தானே குறிப்பு எழுதிக்கொள்ளலாம். எழுதிய தேதியும் நேரமும் தானாகப் பதிவாகும். கடைசிக் குறிப்பு அந்தச் செவ்வாய்க்கிழமை, ஆறு நாற்பத்திரண்டு. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தான். 'அம்மா கத்துனதுல தப்பில்ல. இறங்குனதும் பரோட்டா வாங்கிட்டுப் போய் சாரி சொல்லணும். சால்னா ரெண்டு.'

ஒன்பது நிமிஷம் கழித்து விழுந்திருக்கிறான். சால்னா ரெண்டு என்று எழுதியவன் குதிக்க மாட்டான் சார். இறங்குவதற்காக வாசலுக்கு வந்திருக்கிறான், அவ்வளவுதான். எனக்கே கண் கலங்கியது. சனிக்கிழமை டீச்சர் வந்ததும் கொடுத்துவிட வேண்டும் என்று அதை ஒரு தாளில் எழுதி மேசை டிராயரில் வைத்தேன்.

சனிக்கிழமை டீச்சர் ஒரு டப்பாவில் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டு வந்தார். எபிக்குப் பிடித்தது, செய்து ரொம்ப நாளாயிற்று என்றார். ஸ்டூலில் உட்கார்ந்து, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உப்பு போதுமா என்று கேட்டார். என்னிடம் யாராவது உப்பு போதுமா என்று கேட்டு இருபது வருஷம் இருக்கும். டிராயரைத் திறந்து தாளைக் கொடுத்தால் அழுவார், கும்பிடுவார், எழுந்து போவார். ஒரு ஆள் ரிப்பேர் கடைக்கு இரண்டாம் முறை வருவதற்கு என்ன இருக்கிறது. பூட்டு திறந்துவிட்டது டீச்சர், ஆனால் உள்ளே நிறைய அடுக்குகள் இருக்கின்றன, ஒவ்வொன்றாகத்தான் எடுக்க முடியும் என்றேன். ஒரு வாரம் தள்ளிப்போடுவதால் இறந்துபோனவனுக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

அப்படி நாற்பது சனிக்கிழமைகளுக்கு மேல் ஓடின. ஒவ்வொரு முறையும் ஒன்று எடுத்துக் கொடுப்பேன். எபி பிடித்து வைத்திருந்த படங்கள், அவன் நட்ட பூசணிக்கொடி, மாடுகளுக்கு வைத்த பெயர்கள். எதற்கெடுத்தாலும் முட்ட வருகிற ஒரு கிடாவுக்கு ஹெட்மாஸ்டர் என்று பெயர் வைத்திருந்தான். அன்றைக்குத்தான் டீச்சர் முதல்முறையாகச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னால் வந்தது. அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது, "அந்தச் செவ்வாக்கிழமை பத்தி ஏதாவது" என்று ஆரம்பித்து நிறுத்துவார். இன்னும் அந்த அடுக்கு வரவில்லை டீச்சர் என்பேன். பக்கத்து ஜெராக்ஸ் கடைத் துரை கேலி செய்வான். "இன்னா சம்பந்தம், சனிக்கெழமன்னா சோப்பு போட்டுக் குளிச்சிக்கினு வர்றே, இன்னா மேட்டரு" என்பான். நான் கண்டுகொள்வதில்லை. எனக்கு அவர் அக்கா மாதிரி. சளி பிடித்தால் கஷாயம் கொண்டு வருவார், கண்ணாடியை மாற்றச் சொல்லித் திட்டுவார். எபியின் வருஷ நினைவு நாளும் வந்து போனது. எழுத்து பொறிக்காத கல் பட்டறையிலேயே கிடந்தது. டீச்சர் அந்த மாதத்தில் ரொம்ப இளைத்துவிட்டார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. டிராயரில் இருந்த தாள் நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் இத்தனை மாதம் கழித்துக் கொடுத்தால், எப்போது கிடைத்தது என்று கணக்கு டீச்சர் கேட்காமல் இருப்பாரா.

போன மாதம் ஒரு சனிக்கிழமை டப்பா இல்லாமல் வந்தார். ஓசூரில் இருக்கும் மகள் அபிகாயில் கூப்பிடுகிறாளாம், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம்.

"போதும் தம்பி. ஒரு வருஷமா உங்களையும் பாடாப் படுத்திட்டேன். தெரியாதுன்னே இருந்துட்டுப் போறேன். கல்லுல பேரும் தேதியும் மட்டும் போட்டுக்கலாம்னு எங்க சார்கிட்ட சொல்லிட்டேன். பொட்டிய மட்டும் குடுத்துடுங்க, பேரன் பெருசானதும் விளையாடட்டும்" என்றார். முகம் தெளிவாக இருந்தது. அவ்வளவு தெளிவாக நான் பார்த்ததே இல்லை.

ஓசூர் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும் சார்.

எபி எடுத்த படங்களில் ஒன்றை நான் அதுவரை கொடுக்காமல் வைத்திருந்தேன். அவனுடைய பண்ணைக்காரன் மழையில், குளத்து மேடையின் ஓரத்தில், தண்ணீரைப் பார்த்தபடி தனியாக நிற்கிற படம். பார்த்தால் குதிக்கப் போகிறவன் மாதிரித் தெரியும். உண்மையில் அவன் மீன் பிடிக்கத்தான் நிற்கிறான், தூண்டில் படத்துக்கு வெளியே போய்விட்டது. இரண்டு வருஷம் முந்தைய படம். தேதியை நீக்கிவிட்டுப் பிரிண்ட் எடுத்தேன். டீச்சர், நீங்கள் தேடிய அடுக்கு நேற்றுதான் வந்தது, இதுதான் அன்று அவன் கடைசியாக எடுத்தது என்று கொடுத்தேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். "மணி எத்தன?" என்றார். ஆறு நாற்பது என்றேன்.

"கொடையில்லாம நிக்கிறானே" என்றார்.

அன்றைக்கு எடுத்த இன்னும் சில படங்கள் இருக்கலாம், அடுத்த வாரம் வாருங்கள், சேர்ந்து பார்க்கலாம் என்று சொன்னேன். அதுதான் என் நோக்கம். அவருக்கு ஒரு கேள்வி இருக்க வேண்டும், கேள்வி இருந்தால் வருவார். வேறு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. அவர் பெட்டியை வாங்க மறந்து, படத்தை மட்டும் பைபிளுக்குள் வைத்துக்கொண்டு போனார். அடுத்த வியாழக்கிழமை அவர் உடலை எந்த இடத்தில் கண்டெடுத்தார்கள் என்பது உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. நான் சனிக்கிழமை மத்தியானம் வரை சாப்பிடாமல் காத்திருந்தேன். துரைதான் பேப்பரைக் கொண்டுவந்து காட்டினான்.

அந்தப் படமும், அதன் பின்னால் டீச்சர் கையால் எழுதிய 6.40-உம் பைபிளில் கிடைத்ததால்தான் டேனியல் சார் உங்களிடம் வந்திருக்கிறார். அவர் மனைவி செத்ததற்கு நான் காரணமா என்று நீங்கள் கேட்கவில்லை. பெட்டியை மட்டும் கேட்டீர்கள். கேட்காததற்கும் பதில் எழுதுகிறேன்: ஆமாம். எபி வழுக்கித்தான் விழுந்தான் என்பது முதல் வாரத்திலிருந்தே எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டேன், கடைசியில் அதற்கு நேர்மாறான ஒன்றைச் சொன்னேன். இதற்கு என்ன செக்ஷன் என்று எனக்குத் தெரியாது. எதைப் போட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் பெட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதோ உங்கள் மேசையில் வைத்துவிட்டேன். இங்கே வருவதற்கு முன்னால் சிப்பின் ஒரு காலைக் கழற்றியிருக்கிறேன், பாதுகாப்புக்காக. இனி என் கையில்தான் திறக்கும். அதன் பலகையில் 'அப்பா' என்று தொடங்கும் ஒரு குறிப்பும் இருக்கிறது. அதை இந்தத் தாளில் எழுதுவது முறையாகாது, அவரிடம் நேரில்தான் கொடுக்க வேண்டும். டேனியல் சார் அந்த வீட்டில் இப்போது ஒண்டியாக இருப்பார், பாவம், பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இருக்காது. நீங்கள் என்னை விடும்போது அவரைக் கடைக்கு வரச் சொல்லுங்கள். ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.