குடல் கிடங்கு

கோழி தின்னாத கல்முனைக்காரனை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள், சேர். நான் அப்படி ஒருவன். கல்யாண வீட்டில் ஆறு பேர் ஒரு சஹன் தட்டைச் சுற்றி இருந்து சாப்பிடும்போது, நடுவில் கிடக்கிற கோழிப் பொரியல் என் பக்கம் உருண்டு வராமல் சோற்றால் அணை கட்டிக்கொள்வேன். "இஸ்ஸதீனுக்கு என்ன, கோழியோட வழக்கா?" என்று பக்கத்தில் இருப்பவர்கள் பகிடி பண்ணுவார்கள். நானும் சிரித்துவிட்டுப் பருப்புக் கறியோடு எழும்பிவிடுவேன். காரணத்தைச் சொன்னால் மற்ற ஐந்து பேரும் கையைக் கழுவிவிடுவார்கள்.

காரணம் கேட்கத்தானே என்னை இருத்தி வைத்திருக்கிறீர்கள். ஆனால் ஒன்று, நீங்கள் என்னைப் பிடித்து வரவில்லை, நானாகப் பொலிசுக்கு வந்தேன். பிளைட் லெப்டினன்ட் அசங்க செத்ததற்காகச் சபூறா ராத்தாவை மறியலில் அடைத்து வைத்திருக்கிறீர்கள். அது பிழை. பிழையான ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற பழக்கம் எனக்கு இல்லை. என் தொழிலே அதுதான்.

தொழில் என்னவென்று உங்களுக்குத் தெரியும், என்றாலும் சொல்கிறேன். நம் விமானப்படை முகாமில் ஓடுபாதைப் பாதுகாப்புப் பிரிவில் நான் சிவில் ஊழியன். விடிந்ததும் ஓடுபாதையை முழுக்க நடந்து பார்ப்பேன். ஒரு சின்ன ஆணி கிடந்தாலும் இஞ்சினுக்குள் போய்விடும், அதைப் பொறுக்க வேண்டும். நாய், மாடு வந்தால் துரத்த வேண்டும். எல்லாவற்றையும் விடப் பெரிய தலையிடி பறவை. அதற்கு வேலி கிடையாது. யானை வெடி கொளுத்திப் போட்டு விரட்டினேன். கொஞ்ச நாள் பயந்தன. பிறகு காகங்களுக்கு என் ஜீப்பே பழகிவிட்டது. கொஞ்சம் தள்ளிப் போய் இருந்துகொண்டு, இவன் எப்போது போவான் என்று பார்க்கும்.

பறவை சும்மா வராது, சேர். தீனிக்கு வரும். ஓடுபாதையின் கிழக்கு முனையில், வேலிக்கு வெளியே, செங்கல் சூளைக்காரர்கள் மண் எடுத்துவிட்டுப் போன பள்ளம், ஒரு கிடங்கு இருக்கிறது. கோழிக் கடைகளின் குடல், தலை, கால், இறகு எல்லாம் அதற்குள்தான். கொண்டுவந்து கொட்டுகிறது சபூறா ராத்தா. அவளுடைய புருஷன் மௌத்தான பிறகு, அவர் ஓட்டிய சாமான் ஓட்டோவை அவளே ஓட்டினாள். ஊர் முதலில் வாயைப் பிளந்து பார்த்தது, பிறகு பழகிக்கொண்டது. கடைக்காரர்கள் பையில் கட்டிக் கொடுப்பார்கள், அவள் முக்காட்டை மூக்கில் இழுத்துக் கட்டிக்கொண்டு ஏற்றி வருவாள்.

நீங்கள் அந்தக் கிடங்கைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு நாள் வெயிலில் குடல் பச்சையாகும். மறுநாள் தானாக அசையத் தொடங்கும். அசைவது புழு. காகம் அதில் ஒரு முழத்தைக் கொத்திக்கொண்டு பறக்கும், பாரம் தாங்காமல் நடுவழியில் போட்டுவிடும். எங்கே போடும்? ஓடுபாதையில். பதினைந்து வருடமாக அடுத்தவன் தின்ற கோழியின் குடலைக் குனிந்து பொறுக்கியவன் நான். ஒருநாள் மேலேயிருந்து விழுந்த கோழிக்கால் ஒன்று என் சட்டைக் கழுத்துக்குள் போய்விட்டது, நகத்தோடு. அன்றைக்குக் குளித்ததில் இரண்டு சவர்க்காரக் கட்டி கரைந்தது. நாற்றம் போகவில்லை.

என் மனைவி நதீரா ஒரு சொல் சொன்னாள். "உங்கட உடுப்புல ஒரு நாத்தமும் இல்ல. நான் மோந்து பாத்துட்டன். நாத்தம் உங்கட மண்டைக்குள்ளதான்." அவள் அப்படித்தான், வாய்க்கு வந்ததைக் கதைப்பாள்.

சபூறா ராத்தாவிடம் எத்தனையோ தரம் சொன்னேன். அவள் சண்டைக்காரியும் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். "நான் என்ன தம்பி செய்யிற? கடக்காரன் குடல வீட்டயா வெச்சிருப்பான்? எங்கயாச்சும் கொட்டத்தானே வேணும். வேற இடத்தக் காட்டுங்க, மறுகா அங்க கொட்டுறன்" என்பாள். எனக்கு வேறு இடம் காட்டத் தெரியவில்லை. கட்டளை அதிகாரியிடம் போனேன். பறவை மோதினால் உயிர் போகும் என்றேன். முகாம் சமையலறைக் கோழியின் குடலும் அதே கடைகளிலிருந்து அதே கிடங்குக்குத்தான் போகிறது என்றும் சொன்னேன். அவர் சிரித்தார். "இஸ்ஸதீன், நீங்க காகத்துக்குப் பயமா?" என்றார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். முந்திய இரவு தின்ற கோழி அவருடைய பல்லிடுக்கில் இருந்தது.

படாத வரைக்கும் யாருக்கும் புத்தி வராது என்று வாப்பா சொல்வார். ஆனால் பட்டும் வரவில்லை. போன வருடம் ஒரு விமானத்தின் இறக்கையில் காகம் ஒன்று மோதியது. தகரம் கொஞ்சம் உள்ளே போனது, அவ்வளவுதான். பைலட்மார் அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டிப் படம் எடுத்தார்கள். செத்த காகத்துக்குத் தொப்பி போட்டும் ஒரு படம் எடுத்தார்கள். நான் ரத்தத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன். காகம் போதாது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அசங்க அந்தப் படத்தில் இல்லை. நல்ல பிள்ளை, சேர். சிங்களப் பிள்ளை என்றாலும் கொச்சைத் தமிழ் கதைப்பார், என்னை அண்ணன் முறையில் "நானா" என்றுதான் கூப்பிடுவார். பெருநாளுக்கு நதீரா கட்டிக் கொடுக்கிற வட்டிலாப்பத்தை ஓடுபாதை ஓரத்திலேயே நின்று விரலால் வழித்துத் தின்பார். நான் பறவை பற்றிச் சொன்னால் காதில் வாங்குகிற ஆள் அவர் ஒருவர்தான். "நானா, ஒருநாள் எனக்குத்தான் வந்து அடிக்கும்" என்று சிரிப்பார். விமானம் ஓட்டுவதில் அவரைப்போல் கைக்கட்டுப்பாடு உள்ளவர் அங்கே வேறு இல்லை. அதனால்தான் அவர் பறக்கிற நாளாகப் பார்த்தேன். வேறொருவர் என்றால் விழுத்திவிடுவார், இவர் எப்படியும் இறக்கிவிடுவார் என்று நம்பினேன். யோசித்துத்தான் செய்தேன், கண்மூடித்தனமாக ஒன்றும் செய்யவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. ஏழு பேர் சேர்ந்து ஒரு மாடு குர்பான் கொடுத்தோம். என் பங்கை முறைப்படி மூன்றாகப் பிரித்து, ஏழைகளுக்கு உள்ளதைக் கொடுத்து, சொந்தக்காரர்களுக்கு உள்ளதை அனுப்பி, மிச்சத்தை வீட்டுக்கு வைத்தேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. நுரையீரலை யாரும் கேட்கவில்லை. அதை நான் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். காகம் கோழிக்குடலுக்கு வரும். மாட்டு நுரையீரலுக்குப் பருந்து வரும், சேர். சிவப்பாக, பெரிதாக, தூரத்தில் இருந்தே தெரியும்.

பெருநாளுக்கு நான் லீவு எடுக்கவில்லை. பெருநாளின் மூன்றாம் நாள் சுபஹு தொழுதுவிட்டுப் போய், கிழக்கு முனை வேலிக்கு வெளியே, சபூறா ராத்தாவின் ஓட்டோ போகிற மண் பாதையில் அதைத் துண்டு துண்டாக வெட்டிப் பரப்பினேன். பையையும் அங்கேயே போட்டேன். அந்த நாட்களில் அவள் ஊர் முழுக்கக் குர்பான் கழிவு ஏற்றிக்கொண்டிருந்தாள். அவளை மாட்டிவிட வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. விசாரணை வந்தால் கிடங்கின் பக்கம் கண் போக வேண்டும், அதற்குத்தான். ஒரு புதினமான விஷயம் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குத் துளி அருவருப்பும் வரவில்லை. அந்த அசிங்கம் முதல்தரமாக ஒரு நல்ல காரியத்துக்கு உதவுகிறது என்று தோன்றியது.

பிறகு ஓடுபாதையை நடந்து பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது என்று வோக்கி டோக்கியில் கன்ட்ரோல் டவருக்குச் சொன்னேன். அது உண்மைதான், ஓடுபாதையில் ஒன்றும் இல்லை.

அசங்க சின்னப் பயிற்சி விமானத்தில் தனியாகத்தான் ஏறினார். எழும்பிக் கொஞ்ச உயரம் போகவில்லை, பருந்து முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. விமானம் சரிந்து, வேலியைத் தாண்டி, வயலில் குப்புற விழுந்தது. அறுவடை முடியாத வயல். நெற்கதிர் எரிந்த மணம் கொஞ்ச நேரம் அந்தக் குடல் நாற்றத்தையே மறைத்துவிட்டது.

உங்கள் ஆட்கள் பாதையில் நுரையீரல் துண்டைக் கண்டார்கள், பையைக் கண்டார்கள். சபூறா ராத்தாவைப் பிடித்தார்கள். அவள் மறுத்திருக்கலாம். அவள் என்ன சொன்னாள்? "ஓம், என்ட வண்டியாலதான் விழுந்திருக்கும். அல்லாஹ்வே, ஒரு உம்மாட புள்ளய நான் கொன்னுட்டனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தான் செய்யாத ஒன்றைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு அழுகிற ஆட்களைப் பார்த்தால் எனக்கு வெறுப்புத்தான் வரும். அவளுடைய மகள் ஸம்றா என் வீட்டுக்கு வந்தாள். "மாமா, நீங்க அங்க வேல செய்யிற ஆள். உம்மா வேணுமெண்டு செய்யல்லெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க" என்று வாசலில் நின்று கேட்டாள். நதீரா அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் பார்ப்போம் என்றேன். அப்போதும் எனக்கு அவசரம் இருக்கவில்லை. அந்த மனுசி கொஞ்ச நாள் உள்ளே இருந்தால்தான் கிடங்கு மூடுபடும் என்று கணக்குப் போட்டேன்.

மூடவில்லை, சேர். இதைத்தான் நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு பொம்பிளையைக் குற்றவாளிக் கூட்டில் ஏற்றிவிட்டு, எல்லாரும் கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். போன கிழமை பார்க்கிறேன், வேறு ஒருவன் மோட்டார் சைக்கிளில் இரண்டு பக்கமும் பை கட்டிக்கொண்டு வந்து அதே கிடங்கில் கொட்டுகிறான். மேலே காகம், அதற்கும் மேலே பருந்து. கட்டளை அதிகாரி அன்றைக்குப் பகலும் கோழிதான் சாப்பிட்டார். ஒரு உயிர் போயும் இவர்களுக்கு உறைக்கவில்லை என்றால் இவர்கள் என்ன சாதி மனிதர்கள்? தூ. அவர்களை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் வந்தேன். அது ஓட்டோவிலிருந்து தவறி விழுந்த பை இல்லை என்று தெரிந்தால், ஒருவன் வேண்டுமென்றே செய்தான் என்று தெரிந்தால், ஏன் செய்தான் என்று கேட்பீர்கள். கேட்டால் கிடங்குக்கு வருவீர்கள்.

வோக்கியைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல கேள்வி, இதுவரை யாரும் கேட்கவில்லை. ஓம், அது என் கையில்தான் இருந்தது. விமானம் ஓடத் தொடங்கிய சத்தத்துக்குப் பருந்துகள் நுரையீரலை விட்டு எழும்பின. நான் பார்த்தேன். அவை எந்தப் பக்கம் வட்டமடிக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் எவனும் இல்லை. பட்டனில் பெருவிரல் இருந்தது. "நில்" என்று ஒரு சொல் போதும், அசங்க என் குரலைக் கேட்டால் கேள்வி கேட்காமல் நிற்பாட்டுவார். அதற்கு நேரமும் இருந்தது.

நிற்பாட்டினால் பிறகு என்ன நடக்கும்? எல்லாரும் கன்டீனுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துக்கொண்டு, இஸ்ஸதீன் காகத்துக்குப் பயந்த கதையை இன்னொருதரம் சொல்லிச் சிரிப்பார்கள். கிடங்கு கிடங்காகவே கிடக்கும். நான் விரலை எடுத்துவிட்டேன். அவர் எப்படியும் இறக்கிவிடுவார் என்று நம்பியதாகக் கொஞ்சம் முந்திச் சொன்னேன் அல்லவா, அதை வெட்டிவிடுங்கள். அந்தப் பருந்தின் பருமன் எனக்குத் தெரியும், அந்தக் கண்ணாடியின் தடிப்பும் தெரியும்.

மரண வீட்டுக்கு முகாம் பஸ்ஸில் நானும் போனேன். அசங்கவின் அம்மா வெள்ளைச் சாரியோடு வாசலில் இருந்தார். இவர்தான் இஸ்ஸதீன் என்று யாரோ சொன்னதும் எழும்பி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சிங்களத்தில்தான் கதைத்தார், எனக்கு விளங்கும். மகன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் உங்களைப் பற்றித்தான் சொல்வான், பறவை பறவை என்று ஓயாமல் கத்துகிற ஒரு நானா இருக்கிறார், எங்கள் உயிரில் அக்கறை உள்ளவர் அங்கே அவர் ஒருவர்தான் என்பான், என்றார். சொல்லிவிட்டு என் கைகளைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

நான் ஓம் என்று தலையாட்டினேன். அதில் பொய் இல்லை, சேர், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையில் உண்மையான அக்கறை வைத்திருந்தது நான் ஒருவன்தான்.