மனிதர் உண்ணும் தரம்

நாய் உணவுப் பாக்கெட்டுகளின் பின்பக்கத்தை நீங்கள் வாசித்திருக்கிறீர்களா சார்? பொழுது போவதே தெரியாது. நான் கேரள எல்லைக்கு இந்தப் பக்கம், வடகரப்பதியில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருப்பவன். கோயம்புத்தூர்க்காரர்கள் இந்தப் பக்கம் தோப்பு வாங்கி வீடு கட்ட ஆரம்பித்த பிறகு, தவிட்டு மூட்டைகளுக்குப் பக்கத்தில் இவற்றையும் அடுக்கினேன். 'பனிமலை ஓநாயின் பரம்பரை விருந்து' என்று ஒன்று. 'தானியம் இல்லை, குற்றவுணர்ச்சியும் இல்லை' என்று இன்னொன்று.

என் மனைவி செல்வப்பிரியா சாயங்காலம் கடைக்கு டீ கொண்டு வருவாள். ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்து, இங்கிலீஷில் இருப்பதைத் தமிழில் சொல்லிச் சிரிப்பாள்.

"ஏனுங்க, இதுல நார்வே கடல் மீனாமா. நம்ம டைகருக்கு மத்தி மீனப் போட்டாலே முள்ளு சிக்கிக்குது."

"மூட்டு வலி போகும்னு போட்டிருக்குது பாரு."

"அப்ப உங்களுக்குத்தான் மொதல்ல வெக்கோணும். முடியும் பளபளன்னு வளருமாமா." என் வழுக்கையைப் பார்த்துக்கொண்டே சொல்வாள்.

அந்தச் சிரிப்புக்காகவே புதுப்புதுச் சரக்காக வரவழைத்தேன். அவளை நான் எவ்வளவு நேசித்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

ஆவணியில் அவளுக்குக் கோயம்புத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது.

"ஹாஸ்டல்ல இருந்துக்கறேனுங்க. சனிக்கெழமையானா வந்தர்றேன். செக்போஸ்டத் தாண்டுனா கோயமுத்தூரு, என்னமோ நான் சீமைக்குப் போறாப்பல மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறீங்க" என்றாள்.

நியாயமாகத்தான் பேசினாள். நான் கோபப்படவில்லை. ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டால், ஒரு சனிக்கிழமை வேலை இருக்கிறது என்பாள். அடுத்ததில் மழை என்பாள். பிறகு அந்த ஊர் பழகிவிடும்.

அந்த வாரம்தான் அமைதி பிஸ்கட் வந்தது. பட்டாசுக்கும் லாரிச் சத்தத்துக்கும் மிரளும் நாய்களுக்கானது. 'வீட்டை விட்டு ஓடும் குணம் குறையும். எஜமானர் மீது பாசம் பெருகும்.' அதற்கு மேலே பொன்னிறத்தில் 'மனிதர் உண்ணும் தரம்'. அதை மட்டும் நான் அவளிடம் காட்டவில்லை.

முதலில் டைகருக்குக் கொடுத்தேன். கேட் திறந்தே கிடந்தும் படுத்த இடத்தை விட்டு அது எழவில்லை. அடியில் பொடி எழுத்தில் 'விலங்குகளுக்கு மட்டும்' என்று இருந்ததையும் படித்தேன், மறைக்கவில்லை. ஒரே பாக்கெட் இரண்டு விதமாகச் சொன்னால் பெரிய எழுத்தைத்தானே எடுத்துக்கொள்ள முடியும்.

எவ்வளவு கொடுப்பது என்பது உடல் எடையைப் பொறுத்தது. எங்கள் பக்கம் மாட்டைத் தராசில் ஏற்றுவதில்லை. முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி டேப் பிடிப்போம். ஒரு பக்கம் சென்டிமீட்டர், மறுபக்கம் அதற்கு நேரான கிலோ. ஓணத்துக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்கிறேன் என்று செல்வப்பிரியாவிடம் சொன்னதும் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"மாட்டுக்குப் புடிக்கற டேப்புங்களா இது? அப்பறம் பல்லப் புடிச்சுப் பாத்து வயசும் சொல்லுவீங்களாட்ட இருக்குது."

இருவரும் சிரித்தோம். நான் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டேன்.

மாட்டுக்கு மருந்து வைப்பதைப் போலவே, ராகிக் களிக்குள் அந்த பிஸ்கட்டைப் பொடித்துப் பிசைந்தேன். கசப்பு தெரியாது. முதலில் நன்றாகத் தூங்கினாள். பிறகு வேலையில் சேருவதைத் தள்ளிப்போட்டாள். என் தோளில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். பாக்கெட்டுக்காரர்கள் ஒரு தடவையாவது உண்மை சொல்லியிருக்கிறார்களே என்று நினைத்தேன். அப்புறம் ஒரு நாள், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பெட்டியில் துணி மடித்து வைக்கத் தொடங்கினாள். அன்று அளவைக் கூட்டினேன். அதன் பிறகு குறைக்கவில்லை.

நேற்றுக் காலை மூச்சு இழுத்துக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டுச் சாந்தம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "அருளு, ஒதடெல்லாம் நீலம் பாரிச்சிருச்சு, கோயமுத்தூருக்குக் கொண்டுபோ சாமி" என்று பதறினார். கொண்டுபோகாமல் இருப்பேனா? ஜீப்பின் முன் சீட்டில் சாய்த்து உட்கார வைத்து, தலைப்பை இழுத்துவிட்டு, நானே ஓட்டினேன்.

வேலந்தாவளம் சோதனைச் சாவடியில் தடுப்புக் கம்பம் தூக்கியே இருந்தது. யாரும் நிறுத்தவில்லை. தாண்டிப் போயிருந்தால் டாக்டர்கள் அவளைப் பிழைக்க வைத்திருப்பார்கள் என்கிறீர்கள். எனக்கும் அது தெரியும் சார். பிழைத்தவள் அந்த ஊரிலேயே இருந்துவிடுவாள் என்பதும் தெரியும்.

ஓரம் கட்டி அவளிடமே கேட்டேன். அவள் சொன்ன பிறகுதான் வண்டியைத் திருப்பினேன். பாதி வழியில் மூச்சு நின்றது. அதற்கு முன்னால் அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்: "ஊட்டுக்கே போயர்லாமுங்க." உதடு அசையவில்லை. எனக்குத் தெளிவாகக் கேட்டது.